எலும்பு முறியுமா, வழக்கு வருமா?

கேள்வி: எங்கள் பகுதிச் சிறுவர் பேஸ்பால் சங்க நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். இந்த ஆண்டு இரண்டு சிறுமிகள் பையன்களோடு ஆட விண்ணப்பித்திருக்கிறார்கள். பெண் குழந்தைகளின் எலும்பு மென்மையானது. அடிபட்டால் வழக்குப் போடுவார்களே என்று பயம். சாஃப்ட்பாலுக்கு அனுப்பிவிடலாமா?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: எலும்பைத் தொட்டுவிட்டீர்கள். இனி நான் விடுவதாக இல்லை.

நீங்கள் குடியிருக்கும் அதே மாநிலத்தில்தான் இந்த எலும்பு வாதம் அலசப்பட்டுத் தோற்றது. 1972இல் ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பே என்ற சிறுமி, சிறுவர் பேஸ்பாலை நடத்தும் 'லிட்டில் லீக்' அமைப்பின் உள்ளூர் அணிக்காக மூன்று ஆட்டங்களில் பந்து வீசினாள். அவளை நீக்காவிட்டால் ஊரின் லீகுக்கே அங்கீகாரம் கிடையாது என்று லிட்டில் லீக் தலைமையகம் மிரட்டியது. பயிற்சியாளர் சீருடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தொப்பி மட்டும் அவளிடம் இருந்தது. அந்தத் தொப்பி பிற்பாடு கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பெண்ணுரிமைக்காகப் போராடும் தேசிய மகளிர் அமைப்பு அவளுக்காகப் புகார் கொடுத்தது. விசாரணையில் லிட்டில் லீகின் செயல் துணைத் தலைவர் கிரைட்டன் ஹேல் சாட்சி சொன்னார். உடலியல் படித்தவர். சிறுமிகளின் எலும்பு எளிதில் முறியும் என்றார். அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று, ஜப்பானில் சடலங்களின் எலும்புகளை வைத்துச் செய்த ஆய்வு. பத்து வயதில் மைதானம் முழுக்க ஓடும் குழந்தை ஆடலாமா கூடாதா என்று முடிவு செய்யப் பிணவறைக்குப் போனார்கள்! எதிர்த்தரப்பில் எலும்பு மருத்துவர் ஜோசப் டார்க், அந்த வயதில் சிறுமிகளின் எலும்பு பையன்களுடையதற்குக் குறைந்ததல்ல என்றார். விசாரணை அதிகாரி சில்வியா பிரஸ்லர் 1973 நவம்பரில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளைச் சேர்க்க உத்தரவிட்டார். 1974 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதற்குள் மரியாவுக்கு ஆடும் வயது கடந்துவிட்டது. தீர்ப்பில் ஜெயித்த பெண்ணுக்கு ஆட்டம் கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

'பெண்ணுடம்பு தாங்காது' என்று எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பழைய சண்டை உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பாதிப் பேர் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் அளந்தன. இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் எல்லையைத் தொட்டிருந்தார்கள். ஆனாலும் அந்த ஓட்டம் அடுத்து நடந்தது 1960இல், ரோமில்! முப்பத்திரண்டு ஆண்டுகளாக எத்தனை பெண்களின் கால்கள் வீணாயின? பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் வெட்கமும் கோபமும் உண்டு. கண்ணால் பார்க்காததை எழுதியவர்கள் எங்கள் ஆட்கள்.

வழக்குப் பயத்துக்கு வருகிறேன். ஹோபோக்கனில் சங்கத்தைக் கூண்டில் ஏற்றியது எந்தச் சிறுமியின் காயமும் அல்ல. அவளை வெளியே நிறுத்தியதுதான் ஏற்றியது. பந்து படுவது ஆட்டத்தோடு பிறந்த ஆபத்து. அதை ஏற்றுத்தான் பிள்ளைகள் களமிறங்குகிறார்கள் என்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஒப்புக்கொள்கின்றன. அலட்சியத்தைத்தான் மன்னிப்பதில்லை. விரிசல் விட்ட ஹெல்மெட், குழி விழுந்த மைதானம், கவனிக்காத பயிற்சியாளர். இவை பையனின் பல்லையும் உடைக்கும்.

சாஃப்ட்பால் வேறு ஆட்டம். பந்து பெரிது, கையைக் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும். அவர்கள் அதைக் கேட்டிருந்தால் கொடுங்கள். கேட்டது பேஸ்பால். 2014இல் மோனே டேவிஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி, வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் வீசி ஜெயித்தாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் உங்கள் ஊர்ச் சிறுமிகள் இரண்டு பேரும் விண்ணப்பித்தார்களோ என்னவோ.

தேர்வு ஆட்டத்தில் பையன்களோடு அவர்களையும் நிறுத்துங்கள். நன்றாக ஆடினால் எடுங்கள், ஆடாவிட்டால் பையனிடம் சொல்வதைப்போலவே காரணத்தை நேரில் சொல்லுங்கள். அதற்கு முன் சங்கத்தின் ஹெல்மெட்டுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.