சுக்கான் யார் கையில்? பெண்பிள்ளைகளும் பாய்ப்படகும்: கேள்வி பதில்

கொழும்பில் பாய்ப்படகு பழக விரும்பும் பெண்களும், பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு ஒரு பயிற்றுநரின் பதில்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு 10 வயது. நீந்தத் தெரியாது. இப்போதே சேர்க்கலாமா, நீச்சல் பழகிய பிறகா?

நீச்சலை முதலில் தொடங்குங்கள் அம்மா. அதற்காக நீச்சல் வீராங்கனை ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உடுப்போடும் லைஃப் ஜாக்கெட்டோடும் 50 மீற்றர் பதறாமல் போக வேண்டும். தலை தண்ணீருக்குள் போய் வந்தால் அழாமல் மூச்செடுக்க வேண்டும். இந்த இரண்டும் வந்துவிட்டால் படகில் ஏற்றலாம்.

லைஃப் ஜாக்கெட் இருக்கும்போது நீச்சல் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். சிறு படகுகளில் போடுவது பெரும்பாலும் 50 நியூட்டன் மிதவை அங்கி. நீந்தத் தெரிந்தவரை அது மிதக்க வைக்கும். மயங்கியவரின் முகத்தைத் தானாக மேலே திருப்பாது. எல்லாக் கொளுக்கியையும் பூட்டிவிட்டு, இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி நாடியைத் தாண்டி ஏறினால் அது பெரிது. “வளருகிற பிள்ளைதானே” என்று ஒரு சைஸ் கூட எடுப்பது பள்ளிச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது.

பத்து வயதுக்கு ஏற்ற படகு ஒப்டிமிஸ்ட். நீளம் 2.36 மீற்றர், படகின் உடல் 35 கிலோ, ஒரே ஒரு பாய், ஒரே ஒரு பிள்ளை. 15 வயதுவரை அதில் போட்டியிடலாம்.

கொட்டாஞ்சேனை, 19 வயது: எங்கே பழகலாம்? எந்த மாதம் நல்லது?

தொடங்குவோருக்குப் பொல்கொட ஏரிதான் தோதானது. அலை இல்லை, காற்று உண்டு. மொறட்டுவைப் பக்கம் ஏரிக்கரையிலேயே படகுக் கிளப் இருக்கிறது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பிள்ளைகள் கரையோர ரயிலில் மொறட்டுவையில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். கொழும்புத் துறைமுகத்திலும் பாய்ப்படகுக் கிளப் உண்டு, ஆனால் கப்பல் போக்குவரத்துள்ள இடம், கொஞ்சம் கை பழகிய பிறகு போங்கள்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, வாடைக் காலத்தில், கொழும்புப் பக்கம் காலையில் காற்று மெல்லியது. பகலில் கடல்காற்று எழும்பும். பழகத் தொடங்க அதுவே நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் பலமாக இருக்கும். கை பழகியவர்கள் முன்னேறுவது அப்போதுதான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைக்குக் கவனம். பாய்மரம் உலோகம், சுற்றி வெட்டவெளி. இடி கேட்டதும் கரைக்கு வாருங்கள். கடைசி இடி முழங்கி 30 நிமிடம் போகும்வரை மறுபடி இறங்க வேண்டாம்.

முதல் நாட்களுக்கு 5 முதல் 10 நொட் காற்று போதும். பத்து நொட் என்றால் மணிக்குச் சுமார் 18.5 கிலோமீற்றர். தண்ணீர்மேல் வெள்ளை நுரை ஆங்காங்கே தெரியத் தொடங்கும் அளவு அது.

தெஹிவளை, ஒரு தகப்பன்: மகனும் மகளும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். மகன் இன்னும் போகிறான். மகள் மூன்று மாதத்தில் விட்டுவிட்டாள். “போர் அடிக்குது” என்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு இது பிடிக்காதோ?

ஒரு கேள்வி ஐயா. அந்த மூன்று மாதத்தில் சுக்கான் எத்தனை மணித்தியாலம் அவள் கையில் இருந்தது?

இருவர் படகில் அண்ணன் பின்னால் இருந்து சுக்கானையும் பெரிய பாயையும் பிடிப்பான். தங்கச்சி முன்னால் இருந்து சின்னப் பாயின் கயிற்றை இழுப்பாள், “குனி” என்றால் குனிவாள். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பாரம் குறைந்தவர் முன்னால் என்று தானாகவே அப்படி அமைந்துவிடும். ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது, எப்போது திருப்ப வேண்டும் என்று முடிவெடுப்பவருக்குத்தான் இந்த விளையாட்டு விளங்கும். மற்றவருக்கு அது நனைந்தபடி ஒரு பயணம். போர் அடிக்காமல் என்ன செய்யும்?

மகளை மறுபடி கூட்டிப் போங்கள். இந்தமுறை 15 நிமிடத்துக்கு ஒருதடவை இடம் மாற வேண்டும், மணிக்கூடு பார்த்து. காற்று கூடினாலும் மாற வேண்டும். “இப்ப காத்து கூட, அண்ணன் பிடிக்கட்டும்” என்று ஒருமுறை விட்டால் அவள் என்றைக்கும் மெல்லிய காற்றோடு நின்றுவிடுவாள்.

முதல் பாடத்துக்கு இரண்டு மிதவைகளைக் காற்றுக்குக் குறுக்கே 50 மீற்றர் இடைவெளியில் போட்டு, எட்டுப் போல் சுற்றச் சொல்லுங்கள். சுக்கான்பிடியை வலப்பக்கம் தள்ளினால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், இடப்பக்கம் திரும்பும். பத்து நிமிடம் குழம்புவாள், பிறகு கை தானாகப் பழகும். பாயைத் தளர்த்திக்கொண்டே போய், முன்விளிம்பு படபடக்கும்போது நிறுத்தி, படபடப்பு அடங்கும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் பாயைக் கூடுதலாக இழுத்துவிடுகிறார்கள். படகு சரியும், ஆனால் ஓடாது.

எப்படியும் ஒருதடவை படகு நேரே காற்றைப் பார்த்து நின்றுவிடும். காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறக்குறைய 45 பாகை வரை பாய்ப்படகு ஓடாது. அந்த நேரத்தில் உடனிருப்பவர் கை நீட்டிச் சுக்கானைப் பிடிக்கக் கூடாது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுவேன், உண்மையாகவே. அவளே பாயின் கீழ்மரத்தை வெளியே தள்ளி, சுக்கான்பிடியையும் அதே பக்கம் தள்ளிப் பிடிக்கட்டும். படகு பின்னால் நகர்ந்து பக்கவாட்டில் திரும்பும். பிறகு இரண்டையும் தன் பக்கம் இழுத்தால் ஓடத் தொடங்கும். தானாக ஒருமுறை வெளியே வந்த பிள்ளை அடுத்த கிழமையும் வருவாள்.

14 வயது மாணவி: எனக்கு 42 கிலோ. காற்று கூடினால் பாயைப் பிடிக்க ஏலாமல் கை நோகுது. எனக்குப் பலம் போதாதா அக்கா?

தங்கச்சி, முதலில் ராட்செட் கப்பியைப் பாருங்கள். படகின் நடுவில், பாய்க்கயிறு உங்கள் கைக்கு வருமுன் சுற்றிவரும் கப்பி அது. பக்கத்தில் சின்ன விசை ஒன்று இருக்கும். அதைப் போட்டால் கயிற்றை இழுக்கும்போது “கிடுகிடு” என்று சத்தம் வரும், விடும்போது கப்பியின் வரிகள் கயிற்றைக் கவ்விப் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும். விசை அணைந்திருந்தாலோ, கயிறு எதிர்ப்பக்கமாகக் கோர்க்கப்பட்டிருந்தாலோ முழுப் பாரமும் உங்கள் விரலில்தான். கிளப் படகுகளில் இதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்தது கயிறு. 5 அல்லது 6 மில்லிமீற்றர் கயிறு கையை வெட்டும். கப்பி இடம் கொடுத்தால் 8 மில்லிமீற்றர் கேளுங்கள், கையுறை போடுங்கள். கையால் மட்டும் இழுக்காமல், காலைப் படகுக்குள் இருக்கும் கால்பட்டிக்குள் மாட்டி, முதுகைச் சாய்த்து உடம்பால் இழுங்கள்.

இவ்வளவும் செய்தும் கஷ்டம் என்றால் பாய்தான் பெரிது. ஒருவர் ஓட்டும் ஐஎல்சிஏ என்ற படகில் ஒரே படகுடலுக்கு மூன்று பாய்கள்: ஐஎல்சிஏ 4 என்பது 4.7 சதுர மீற்றர், 6 என்பது 5.76, 7 என்பது 7.06. கீழ்ப் பாய்மரத் துண்டையும் பாயையும் மாற்றினால் போதும். உங்கள் நிறைக்கு இப்போதைக்கு 4. அதுவும் மெல்லிய காற்றில். ஒலிம்பிக்கில் பெண்கள் தனியாக ஓட்டுவது 6. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் அந்தப் படகில்தான் 2021இல் ஒலிம்பிக் பாய்ப்படகுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவிலும் பாரிஸிலும் போட்டியிட்டார்.

இன்னொருவர்: படகு கவிழ்ந்தால்?

கவிழும். கவிழ்ந்து நிமிர்த்துவதை முதல் வாரத்திலேயே, காற்றில்லாத நாளில், துணைப்படகு பக்கத்தில் நிற்கப் பழக வேண்டும். பயம் போவதற்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

படகை விட்டு ஒருபோதும் நீந்தி விலக வேண்டாம். பாய்க்கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறுகிய பாய் தண்ணீரை வாளிபோல் பிடித்து வைத்திருக்கும், நிமிர்த்த முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். பிறகு படகைப் பிடித்தபடியே கடையார் (பின்புறம்) பக்கமாகச் சுற்றி, படகின் அடியிலிருந்து நீளும் அடிப்பலகைக்கு வாருங்கள். பாய்மரத்தில் தொங்கினால் படகு தலைகீழாகிவிடும். பலகை முழுதாக வெளியே நீண்டிருக்க வேண்டும். அதில் ஏறி, விளிம்பைப் பிடித்து, கையை நீட்டி முதுகை நிமிர்த்திப் பின்னால் சாயுங்கள். நிறை குறைந்தவர்கள் பலகையின் நுனிப் பக்கம் நகர வேண்டும். இழுத்து இழுத்து ஆட்ட வேண்டாம். சாய்ந்தபடி பத்திருபது விநாடி பொறுத்தால் பாயிலிருந்து தண்ணீர் வடியும், படகு தானாக எழும்பும். ஒப்டிமிஸ்ட் என்றால் நிமிர்ந்த பிறகு தண்ணீர் இறைக்க வேண்டும். இறைப்பான் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

ஏரியில் ஆழம் குறைந்த இடங்களில் பாய்மர நுனி சேற்றில் குத்திவிடும். அங்கே பலத்தைக் காட்டாதீர்கள், மரம் வளையும். கையை உயர்த்தித் துணைப்படகைக் கூப்பிடுங்கள்.

பெயர் வேண்டாம்: பீரியட்ஸ் நாட்களில் மகளை அனுப்பலாமா?

அவளுக்கு உடம்புக்கு முடிந்தால் தாராளமாக அனுப்பலாம். நாப்கின் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், படகுக்கு அது சரிவராது. மாதவிடாய்க் கப், டெம்பொன், அல்லது நீச்சலுக்கென்றே தைத்த மாதவிடாய் உள்ளாடை பாவிக்கலாம். டெம்பொனை 8 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மேலே கறுப்பு லெக்கிங்ஸ், அதன்மேல் அரைக் காற்சட்டை. ஒற்றைத் துண்டு நீச்சலுடையைவிட இரண்டு துண்டாக உடுத்தால் மலசலகூடம் போவது சுலபம். போக வசதியில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பிள்ளைகள் வெயிலில் மயங்குகிறார்கள். சேர்க்குமுன் கிளப் மலசலகூடத்தை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள்: கதவு பூட்டுமா, கொளுக்கி இருக்கிறதா, மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா. இல்லாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

மருதானையிலிருந்து ஒரு தாய்: மகள் ஹிஜாப் அணிபவள். தடை ஏதும் உண்டா?

எந்தத் தடையும் இல்லை. முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை வெயிலுக்கு எல்லோருக்குமே நல்லது. பருத்தி வேண்டாம், நனைந்தால் பாரம். தலைக்கு ஊசி குத்தாத, இழுத்துப் போடும் நீச்சல் ஹிஜாப் எடுங்கள், அதன் நுனியை லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். தொங்கும் துணியும் நீண்ட பின்னலும் கப்பிக்குள் போகும். பின்னல் உள்ள பிள்ளைகள் கொண்டையாகச் சுருட்டிக் கட்டட்டும்.

“வெயிலில் கறுத்துப் போவாள், பிறகு யார் எடுப்பது?” என்று மாமி சொல்கிறார். என்ன பதில் சொல்ல?

நிறம் மாறும், அதை மறைக்க வேண்டாம். தண்ணீரிலிருந்து தெறிக்கும் வெயில் தொப்பிக்கு அடியிலும் வரும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத கிரீமை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை பூச வேண்டும், காதுமடலையும் மறக்காமல். தொப்பிக்குக் கயிறு கட்டுங்கள். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீராவது படகில் இருக்கட்டும். இவை தோல் எரியாமல் இருக்க, வெள்ளையாக இருக்க அல்ல. மாமியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கக் கரையைத் தொட்டது. பாய் எங்களுக்குப் புதிது அல்ல. அதைப் பெண்பிள்ளைகள் கையில் கொடுப்பதுதான் பிந்திவிட்டது.

பொல்கொடையில் முதலை இருக்கிறதாமே?

இருக்கிறது. பகலில், திறந்த நீரில், துணைப்படகோடு ஓட்டுங்கள். கண்டல் மரக் கரையோரமாகவும் மைம்மல் பொழுதிலும் தண்ணீரில் இறங்க வேண்டாம். காலில் காயம் இருந்தால் ஆறும்வரை வர வேண்டாம், எலிக்காய்ச்சல் பயம். பழைய சப்பாத்து ஏதாவது கட்டாயம் போடுங்கள்.

ஒரு கிளப் உறுப்பினர்: பெண்களுக்கான அறிமுக நாள் வைத்தோம். 30 பேர் வந்தார்கள், இரண்டாம் வாரம் இரண்டு பேர். எங்கே பிழை?

முப்பது பேரையும் பெரிய படகில் ஒரு சுற்றுக் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது சுற்றுலா. பன்னிரண்டு பேரை மட்டும் எடுங்கள், ஒவ்வொருவரும் அன்றைக்கே 20 நிமிடம் சுக்கான் பிடிக்க வேண்டும். பள்ளித்தோழியர் இருவர் மூவராகச் சேர்ந்து வரச் சொல்லுங்கள், தனியாக வந்த பிள்ளை பெரும்பாலும் நிற்பதில்லை. கரையில் ஒரு பெண் பொறுப்பாளராவது இருக்கட்டும். அடுத்த வகுப்பின் திகதியை வீட்டுக்குப் போகுமுன் கையில் கொடுங்கள். அந்த நேரம் ரியூஷனோடு மோதாமல் இருக்கட்டும், சாதாரண தரப் பிள்ளைக்குச் சனிக்கிழமை காலை என்றால் அம்மா “ஓம்” சொல்லவே மாட்டார். கட்டளைகளைத் தமிழிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். “திருப்பப் போகிறேன், தயாரா?” என்பதை விளங்காத மொழியில் கேட்டால், குனிவதற்குள் பாயின் கீழ்மரம் தலையில் படும்.

41 வயது, இரண்டு பிள்ளைகளின் தாய்: நான் பிந்திவிட்டேனா?

இல்லை. ஒப்டிமிஸ்ட் உங்களுக்குச் சிறியது. என்டர்பிரைஸ், ஜிபி14 போன்ற இருவர் படகில் தொடங்குங்கள், மேலே சொன்ன 15 நிமிடக் கணக்கு உங்களுக்கும்தான். இந்தக் கிழமை வீட்டில் இரண்டு மீற்றர் கயிறு எடுத்து இரண்டு முடிச்சுப் பழகுங்கள்: கயிற்று நுனி கப்பியை விட்டு ஓடாமல் தடுக்கும் எட்டு முடிச்சு, இறுகினாலும் பிறகு கழற்றக்கூடிய போலைன். கதிரைக் காலில் போலைன் போட்டு முழுப் பலத்தோடு இழுங்கள். அவிழாமல் நின்று, தளர்த்தியதும் விரலால் கழன்றால் சரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.