தைராய்டு மாத்திரைக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: மகளுக்கு 12 வயது. 4 வருடமாக டைப் 1 சர்க்கரை. இப்போது டி.எஸ்.எச். 18 என்று வந்து, தைராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரு மாதமாக விடியற்காலையில் சர்க்கரை 60க்குக் கீழே போகிறது, இன்சுலினைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். களைப்பு அதிகம், கறுத்தும் போய்விட்டாள். மாத்திரையை எப்படிக் கொடுப்பது? (ஒரு தாய், குடியாத்தம்)

பதில்: மாத்திரையை ஆரம்பிக்கும் முன், இந்தக் களைப்பையும் கறுப்பையும் டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். வேலூர் வெயில் முகத்தைக் கறுக்க வைக்கும். உள்ளங்கை ரேகையை, ஈறைக் கறுக்க வைக்காது. (சிலருக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு. புதிதாகக் கறுத்ததா என்று பாருங்கள்.) ஊறுகாய், உப்பு என்று தேடித் தேடிச் சாப்பிடுகிறாளா?

இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்த அதே எதிர்ப்பு சக்திதான் தைராய்டையும் தாக்குகிறது. டைப் 1 பிள்ளைகளிடம் இது சகஜம். அபூர்வமாக, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலும் கை வைத்துவிடும். அங்கே சுரக்கும் கார்ட்டிசால்தான் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது. அது குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், இந்தக் கறுப்பும் உப்புத் தேடலும் வரும். தைராய்டு குறைவாலும் சர்க்கரை இறங்கலாம் என்பதால் ஊகித்துச் சொல்ல முடியாது. ஆனால் கார்ட்டிசால் குறைந்த உடம்பில் தைராக்ஸின் (எழுதிக்கொடுத்த தைராய்டு மாத்திரை) போனால், மிச்சமிருக்கும் கார்ட்டிசாலும் வேகமாகக் கரைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கேட்க வேண்டியவை: காலை 8 மணி கார்ட்டிசால், ஏ.சி.டி.எச். (அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன்), சோடியம், பொட்டாசியம். ஏ.சி.டி.எச். ரத்தத்தை உடனே ஐஸில் வைக்க வேண்டும். எனவே தெருமுனைக் கலெக்‌ஷன் சென்டரில் கொடுக்காமல், லேப் உள்ளேயே இருக்கும் பெரிய மருத்துவமனையில் கொடுங்கள். இவற்றுக்கு வெறும் வயிறு தேவையில்லை. வேலூருக்கு முதல் பஸ்ஸில் பட்டினியாகக் கூட்டிவராதீர்கள். கையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இடையில் வாந்தி, மயக்கம், எழுந்திருக்க முடியாத அசதி வந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கார்ட்டிசால் குறைவென்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலுக்கு ஈடான மருந்து) முதலில், தைராக்ஸின் பிறகு. சரியாக இருந்தால் தைராக்ஸினை விடிந்ததும் தண்ணீரில் மட்டும் கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பும் கால்சியமும் இதை உடம்பில் சேரவிடாது. பாட்டிலை அடுப்படியில் வைக்காதீர்கள். சூட்டில் வீரியம் போய்விடும். 6 முதல் 8 வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச். மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால் இன்சுலின் தேவை ஏறும். குறைத்து வைத்த யூனிட்டிலேயே நின்றுவிடாமல் டாக்டரைக் கேட்டுக் கூட்டுங்கள்.