எஸ்.எஸ்.டி. மாற்றினால் விண்டோஸுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: பெரம்பூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். 2019-இல் விண்டோஸ் 10 உடன் வாங்கிய லேப்டாப்பில் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கும் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸரும் உள்ளன. இப்போது டேலி திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க்கைப் போட்டால் சரியாகும் என்று ரிச்சி தெருவில் ஒரு கடையில் சொன்னார்கள். ஆனால் விண்டோஸைப் புதிதாகத்தான் போட வேண்டும், அதற்குத் தனிப் பணம் என்கிறார்கள். பழைய டிஸ்க்கைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்களாம். இருப்பதை அப்படியே மாற்ற முடியாதா?

பதில்: மாற்றலாம். விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்தே, விண்டோஸுடன் விற்கப்படும் லேப்டாப்புகளில் அதன் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது என்பதால், டிஸ்க்கை மாற்றுவதால் உரிமம் போய்விடாது. கடைக்காரர் கேட்பது போட்டுத் தரும் கூலி என்றால் நியாயம்தான், கொடுங்கள். விண்டோஸின் விலை என்றால் கொடுக்க வேண்டியதில்லை.

எதற்கும் முன்பாக டேலியிலேயே உள்ள பேக்கப் வசதியைக் கொண்டு கணக்குகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இப்போதைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் நொடிக்கு 100 எம்.பி. அளவில்தான் படிக்கும், சாட்டா என்ற சாதாரண இணைப்பு வகை எஸ்.எஸ்.டி.யோ 500-ஐத் தாண்டும் என்பதால், உங்கள் லேப்டாப்பின் மந்தத்துக்கு அதுவே போதிய காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த மென்பொருள் மஞ்சளிலோ சிவப்பிலோ எச்சரித்தால் டிஸ்க்கில் பழுதான பகுதிகள் உள்ளன என்று பொருள். அப்போது குளோன் செய்யும் (பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுக்கும்) வேலை பாதியில் நின்றுவிடக்கூடும். அந்த நிலையில் கோப்புகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே சரி. கடைக்காரர் சொன்னது இந்த ஒரு வகையில் பொருந்தும்.

வாங்குவதில் பலர் ஏமாறும் இடம் எம்.2 ஸ்லாட், அதாவது மதர்போர்டில் எஸ்.எஸ்.டி. கார்டைச் செருகும் இடம். சூயிங்கம் பட்டை போல் இருக்கும் எம்.2 கார்டுகள் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை. முனையில் பொதுவாக இரண்டு வெட்டுகள் இருந்தால் சாட்டா, ஒன்று இருந்தால் என்.வி.எம்.இ. சாட்டா கார்டு என்.வி.எம்.இ. ஸ்லாட்டிலும் உள்ளே போய் உட்காரும். ஆனால் லேப்டாப்புக்கு அது கண்ணில் படாது. ஆகவே மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் ஸ்லாட்டின் வகையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எம்.2 ஸ்லாட்டே இல்லையென்றால் கவலை வேண்டாம்: பழைய டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பொருந்தும், வேக வித்தியாசம் அதிலேயே நன்றாகத் தெரியும்.

1 டி.பி.க்கு 1 டி.பி.யே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் காட்டுவது சுமார் 476 ஜி.பி.; நீங்கள் நிரப்பியிருப்பது 300 ஜி.பி. என்றால் அது தாராளம்.

குளோன் செய்ய, 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் யு.எஸ்.பி.–சாட்டா கேபிள் ஒன்று வேண்டும். சில எஸ்.எஸ்.டி. நிறுவனங்கள் இதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. குளோன்சில்லாவும் இலவசம், ஆனால் பழகாதவருக்குச் சற்றுக் கடினம், அதிலும் பெரிய டிஸ்க்கிலிருந்து சிறியதற்கு மாற்றுவது அதில் எளிதல்ல. டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று முதலில் பார்த்து, இயங்கினால் நிறுத்திவிட்டு, அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க் கழற்றப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் உள்ளே இருந்தால் எதிலிருந்து விண்டோஸ் எழுந்தது என்றே தெரியாமல் குழப்பம் வரும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11-க்கு ஏற்றது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளில்) இயங்கினால் புதிய டிஸ்க்கிலிருந்தே இலவசமாக மேம்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எஸ்.எஸ்.டி.க்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டு உத்தரவாதம் உண்டு. அதைக் கேட்கப் போகும்போது பெரும்பாலும் பில்லைக் கேட்பார்கள். பில்லில் டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லி, அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் கணக்குகளுக்கு அல்ல. பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நேர்மையற்ற வணிக முறை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கழிவு விலைக்காகப் பழைய டிஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள். கிடைக்கப்போவது சொற்பம், போகப்போவது உங்கள் வாடிக்கையாளர்களின் பாக்கிக் கணக்கும் வங்கி விவரங்களும். குறைந்தது ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்து, புதியதில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியானபின், நல்ல நிலையில் இருந்தால் மட்டும், யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டு வாராந்திர பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.