"அம்மா சமைத்தாள், அப்பா படித்தார்": பாடநூலை மாற்ற முடியாத ஆசிரியர் என்ன செய்யலாம்?

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மொழிப்பாடத்தில் ஒரு வரி: "அம்மா சமைத்தாள். அப்பா செய்தித்தாள் படித்தார்." பக்கத்திலேயே அதற்கான படமும் இருக்கிறது. வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "எங்க வீட்ல அப்பாதான் சமைப்பார், அது தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். பாடத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. சக ஆசிரியர்களோ, "ஒரு படத்துக்கு இவ்வளவு யோசனையா?" என்கிறார்கள். நான் மிகைப்படுத்துகிறேனா? என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பிள்ளை படம் தப்பா என்று கேட்கவில்லை, தன் வீடு தப்பா என்று கேட்டிருக்கிறாள். மற்ற புத்தகங்களில் வருவது கதை. பாடநூலில் இருப்பது பரீட்சைக்கு வரும், ஆகவே அதுதான் சரி. பிள்ளைகளின் கணக்கு இப்படித்தான் ஓடும்.

உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு படம் என்றால் நானும் விட்டுவிடுவேன். சமைக்கும் அம்மாவை வரைவதில் ஒரு குற்றமும் இல்லை. புத்தகம் முழுக்க அவர் வேறு எதுவும் செய்யாமல் இருந்தால்தான் சிக்கல். இதை ஆசிரியர் அறையில் வாதாடித் தீர்க்க முடியாது. உட்கார்ந்து எண்ண வேண்டும்.

இப்படி எண்ணுவதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. லெனோர் வைட்ஸ்மனும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவில் கால்டிகாட் பரிசு பெற்ற சிறுவர் படப்புத்தகங்களைப் பற்றி 1972இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் எண்ணியதில் ஆண்களின் படங்கள் 261, பெண்களின் படங்கள் 23. அதே ஆண்டில் அங்கேயே இன்னொரு பெண்கள் குழு 134 வாசிப்புப் புத்தகங்களிலிருந்து 2,760 கதைகளைப் பிரித்துப் பார்த்தது. சிறுவனை மையமாகக் கொண்ட கதைகள் ஐந்து என்றால், சிறுமியை மையமாகக் கொண்டவை இரண்டு. மிகைப்படுத்துகிறீர்கள் என்று இனி யாராவது சொன்னால் இதையும் சொல்லுங்கள்: பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. 1979இல் ஏற்ற உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு, 'ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி' என்ற வார்ப்புக் கருத்துகளை நீக்கப் பாடநூல்களைத் திருத்த வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்கிறது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன.

சரி, எப்படி எண்ணுவது? தலைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துவிடுவோம். இப்போது வரும் பல புத்தகங்களில் ஆண், பெண் எண்ணிக்கை ஓரளவு சமமாக்கப்பட்டிருக்கும். ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவருடைய வினைச்சொற்களை எழுதுங்கள். ஒரு பக்கம் கட்டினார், ஓட்டினான், கணக்கிட்டான், கண்டுபிடித்தார், காப்பாற்றினான். இன்னொரு பக்கம் பார்த்தாள், கேட்டாள், பரிமாறினாள், பயந்தாள், மகிழ்ந்தாள். தலைகள் சமமாக இருந்தும் வேலை சமமாக இல்லை என்பது அப்போது தெரியும்.

வினைச்சொல்லைப் பார்க்கும்போது அதன் வாலையும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய வரியையே எடுத்துக்கொள்வோம். அம்மா சமைத்தாள், அப்பா படித்தார். ஒரே வீடு, அடுத்தடுத்த வாக்கியம். அப்பாவுக்கு 'ஆர்', அம்மாவுக்கு 'ஆள்'. யார் சமைத்தார் என்பதைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பிள்ளை இந்த விகுதியைக் கேட்காது, அப்படியே வாங்கிக்கொள்ளும். இத்தனைக்கும் தமிழில் 'ஆர்' விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 'மருத்துவர் வந்தார்' என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்று சொல்லவே வேண்டியதில்லை. அப்புறம் ஓவியர் அங்கே மீசை வைத்த ஒருவரை வரைந்துவிடுவார், அது வேறு கதை. அதனால் வரியைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் பாருங்கள். 'பெண் விமானி', 'பெண் விஞ்ஞானி' என்ற அடைமொழிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஆண் விமானி' என்று எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

படங்களால் பிள்ளைகள் மனத்தில் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்பார்கள். டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில், 4,807 பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லியிருந்தார்கள். பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தபோது, 1985க்குப் பிந்தையவற்றில் சராசரியாக 28 சதவீதப் பிள்ளைகள் பெண்ணை வரைந்திருந்தார்கள். சுற்றி இருப்பது மாறினால் படமும் மாறுகிறது. 2010இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஒரே வேதியியல் பாடத்தில் பெண் விஞ்ஞானிகளின் படங்களைப் பார்த்த மாணவிகள், ஆண்களின் படங்களைப் பார்த்த மாணவிகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பையன்களிடம் இது தலைகீழாக இருந்தது. ஆகவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைப்பது தீர்வாகாது. இருவரும் கலந்து வரவேண்டும்.

இனி வகுப்பறை. அந்தப் பாடத்தைத் தவிர்க்காதீர்கள். அம்மா வரும் இடத்தில் அப்பா, அக்கா வரும் இடத்தில் அண்ணன் என்று மாற்றி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்காவது வகுப்பே சிரிக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, "இதில் எது சிரிப்பு?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அவர்களே பேசட்டும், நீங்கள் பிரசங்கம் செய்ய வேண்டாம். ஒரு எச்சரிக்கை: "உங்கள் வீட்டில் யார் சமைப்பார்கள்?" என்று கைதூக்கச் சொல்லிவிடாதீர்கள். அம்மா இல்லாத பிள்ளையும் அப்பா விட்டுப்போன பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம். பேச்சு புத்தகத்தில் உள்ள ஆட்களைப் பற்றியே இருக்கட்டும். "இந்த அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்ன செய்திருப்பார்?" என்று கேட்டால் போதும், கதை கிளம்பிவிடும். பையன்கள் பக்கமும் பாருங்கள். உங்கள் புத்தகத்தில் எந்தப் பையனாவது அழுகிறானா, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறானா?

உங்களுக்கு முழு அதிகாரம் உள்ள இடம் ஒன்று இருக்கிறது: நீங்களே தயாரிக்கும் பயிற்சித்தாளும் வினாத்தாளும். இதில் நானும் சறுக்கியிருக்கிறேன். இருபது கணக்குகள் எழுதிக் கொடுத்திருந்தேன். விற்பவன், ஓட்டுபவன், அளப்பவன் எல்லாம் பையன்கள். பெண்பிள்ளைகள் ரிப்பன் வெட்டினார்கள், மிட்டாய் பங்கிட்டார்கள். ஒரு தோழி காட்டிய பிறகு அவசரமாகப் பாதிப் பெயர்களை மாற்றினேன். அப்படியும் ஒன்று தப்பியது: "ரமா தவறாகக் கூட்டினாள். ராமு அதைச் சரிசெய்தான். சரியான விடை என்ன?" பெயரை மட்டும் மாற்றுவது பெயின்ட் அடிப்பது மாதிரிதான். "பெஞ்சைத் தூக்க ரெண்டு பசங்க வாங்க" என்று நாம் வாய்விட்டுச் சொல்வதும் பாடப்பொருள்தான், ஞாபகமிருக்கட்டும்.

பாடத்தின் கடைசியில் 'சாதனைப் பெண்கள்' என்று கட்டம் கட்டி மேரி கியூரியை உட்கார வைப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. பரீட்சைக்கு வராத பகுதி அது என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பாடத்தின் நடுவிலேயே சொல்லுங்கள். சூரியனைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று 1925இல் தன் ஆய்வேட்டில் காட்டியவர் செசிலியா பேய்ன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாம்.

கடைசியாக, பாடநூல் குழுவுக்குக் கடிதம். பலரும் இரண்டு பக்கம் கோபமாக எழுதுவார்கள். அது கோப்பில் படுத்துவிடும். திருத்துபவருக்குத் தேவை பக்க எண், வரி எண், உங்கள் வினைச்சொல் பட்டியல், மாற்று வாக்கியம். அந்த மாற்று வாக்கியம் ஏறக்குறைய அதே நீளத்தில், அந்த வகுப்புக்குத் தெரிந்த சொற்களில் இருக்க வேண்டும். பக்க அமைப்பைக் குலைக்காத திருத்தம் மறுபதிப்பில் எளிதாக நுழைந்துவிடும். உங்கள் வரிக்கு நான் இப்படி எழுதி அனுப்புவேன்: "அம்மாவும் அப்பாவும் சமைத்தார்கள். பாட்டி செய்தித்தாள் படித்தார்."