மஸ்டர் ரோலில் என்ன பெயர்?

அன்புள்ள ஐயா,

கொருக்குப்பேட்டையில் மசாலாப் பொடி பேக்கிங் செய்யும் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். காண்ட்ராக்ட் ஆட்கள் முப்பது பேர், பெரும்பாலும் பெண்கள். குறைந்தபட்சக் கூலி என்று வாயைத் திறந்தாலே, “கூலி ஏறினால் மெஷின் வாங்கிவிடுவேன், பிறகு யாருக்கும் வேலை இல்லை” என்கிறார் முதலாளி. இப்போது வருகிற காசு வாடகைக்கும் கேஸுக்குமே சரியாகப் போகிறது. நாங்கள் எதைக் கேட்பது?

ச., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ச.,

மெஷின் வாங்குவேன் என்பவரிடம் கணக்கைக் கேளுங்கள். கேட்க முடியாது என்றால் நாமே போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் யூனிட்டின் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

மாதச் சம்பளம் 13,000 ரூபாய். முதலாளி பங்காக பி.எஃப். நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25, போனஸ் 8.33, கிராஜுவிட்டிக்கு 4.81. ஆக ஒரு ஆளுக்கு மாதம் சுமார் 16,820. மூன்று ஆட்களுக்கு வருடத்துக்கு 6.06 லட்சம். (ஒழுங்காகக் கட்டுகிறவரின் கணக்கு இது. பி.எஃப். கட்டாதவருக்கு ஆள் இன்னும் மலிவு, அதனால் அவர் மெஷின் வாங்க இன்னும் யோசிப்பார்.)

பவுச் போடும் தானியங்கி மெஷின் 20 லட்சம், அது மூன்று பேர் வேலையைப் பார்க்கும் என்று வையுங்கள். முதல் வருட வட்டி 11 சதவீதம் என்றால் 2.2 லட்சம். ஸ்பேர், சர்வீஸ் 1 லட்சம். கரண்ட், கம்ப்ரசர் 60 ஆயிரம். ஆபரேட்டருக்குக் கூடுதல் சம்பளம் 80 ஆயிரம். மொத்தம் 4.6 லட்சம். மிச்சம் 1.46 லட்சம், போட்ட பணம் திரும்ப 13 வருடத்துக்கு மேல் ஆகும். கூலி 10 சதவீதம் ஏறினால் மிச்சம் 2.06 லட்சம், காலம் 10 வருடத்துக்குச் சற்றுக் குறையும். கூலி உயர்வுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே மெஷின் இரண்டு ஷிஃப்ட் ஓடினால்? மிச்சமாகும் சம்பளம் 12.12 லட்சம். வட்டி அதேதான், மற்றதெல்லாம் இரட்டித்தாலும் செலவு 7 லட்சம். நாலு வருடத்துக்குள் காசு கைக்கு வந்துவிடும்.

ஆகவே மெஷினை உள்ளே கொண்டுவருவது பெரும்பாலும் ஆர்டர். இரண்டாவது ஷிஃப்டுக்குச் சரக்கு இருந்தால் கூலி ஏறாவிட்டாலும் அது வரும். இல்லாதபோது வாங்கினால் தூசு படிந்து கிடக்கும். பொடிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: மிளகாய்த்தூள் பறந்து சீல் விழும் இடத்தில் ஒட்டினால் சீல் பிடிக்காது, பவுச் ஒழுகும். ஃபிலிமில் எங்கே வெட்டுவது என்று காட்டும் குறியைப் படிக்கிற ஐ-மார்க் சென்சாரில் தூள் படிந்தால் கட்டிங் விலகி லேபிள் பாதியாக வரும். பார்த்துத் துடைக்க ஆள் நிற்கத்தான் வேண்டும்.

சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. அங்கேயும் கூலி மட்டும் கணக்கு இல்லை: மூட்டை தூக்கியவர்களின் கூலியைவிட, கப்பல் துறைமுகத்தில் காத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளின் செலவுதான் பெரிது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1992இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனபோது துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் கார்டும் க்ரூகரும் காட்டினார்கள். இயந்திரம் சுலபமாகச் செய்துவிடும் வேலைகளில் பாதிப்பு உண்டு என்று பிறகு வந்த ஆய்வுகளும் இருக்கின்றன. பேக்கிங் அந்த வகைதான், மறைக்க வேண்டியதில்லை.

மெஷின் வருவதைவிட, வந்த பிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை. நேற்றுவரை கையால் சீல் வைத்தவர் இன்று ஃபிலிம் ரோல் மாற்றுகிறார், சூடு செட் பண்ணுகிறார், எடை பார்க்கிறார். வேலை ஆபரேட்டருடையது. ஆட்களின் பெயரும் வேலையும் பதியும் மஸ்டர் ரோலில் மட்டும் இன்னும் ‘ஹெல்பர்’. அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கை பணிப்பிரிவு வாரியாக இருப்பதால், பெயர் மாறாதவரை அவர் கைக்கு வருவது குறைந்த தொகைதான். மெஷின் தந்த லாபம் முழுக்க ஒரு பக்கம் போய்ச் சேர்வது இப்படித்தான். இத்தனைக்கும் இதைத் திருத்த ஒரு வரி எழுதினால் போதும்.

அதனால் ‘கூலியை ஏற்று’ என்பதற்கு முன்னால் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் தனித்தனியாக இருக்கிறதா? சென்னை விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்து ஏப்ரல் 1 தோறும் மாறும் அகவிலைப்படி ஏறியிருக்கிறதா? 13,000ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 500, எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 62.50. ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு, மணிக்கு 125. பல இடங்களில் ‘சிங்கிள் ஓ.டி.’ என்று 62.50ஐத் தந்து முடித்துவிடுகிறார்கள். அதற்கு முறையீடு செய்யலாம். 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் முறையீட்டுக்கு ஆறு மாதமாக இருந்த கெடு, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் மூன்று வருடம். கொடுக்காமல் விட்ட பாக்கியைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடமுண்டு. காண்ட்ராக்டர் கையை விரித்தால் உங்கள் முதலாளிதான் பொறுப்பு.

சூப்பர்வைசர் என்பதால் மஸ்டர் ரோல் உங்கள் மேஜைக்கு வரும் என்று நினைக்கிறேன். மெஷின் வருகிற அன்றே, அதன் முன்னால் நிற்பவர் பெயருக்கு நேரே ‘ஆபரேட்டர்’ என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.