வீட்டில் புரதம் கூடிய ஹொட் சொக்லேட் செய்வது எப்படி? புரோட்டீன் மா பாலில் திரண்டு போகிறதே?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: புரோட்டீன் மா டின் ஒன்று வாங்கினீர்கள், கொதிக்கும் பாலில் கொக்கோவோடு சேர்த்துப் போட்டீர்கள், எல்லாம் திரைந்து கட்டி கட்டியாக மிதந்தது, பழுதான டின்னை விற்றுவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறீர்கள்.

டின் பழுதில்லை, தம்பி. (ஜிம்முக்குப் போகிற பிள்ளை என்று நினைத்துத் தம்பி என்கிறேன். தங்கச்சி என்றால் மன்னிக்கவும்.) பிழை சூட்டில்தான். அந்த மா பெரும்பாலும் வே புரோட்டீன், அதாவது பாலைத் திரைத்துச் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரில் இருந்து பிரித்தெடுக்கும் புரதம். ஏறக்குறைய 70 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பால் கொதிப்பது 100 பாகையில். பாலில் உள்ள மற்றப் புரதமான கேசீன் கொதியைத் தாங்கும். அதனால்தான் பாலை எத்தனை தரம் காய்ச்சினாலும் அது திரையாமல் இருக்கிறது, பால்மாவைக் கொதிநீரில் கரைத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. கொக்கோவும் பால்மாவும் அடுப்பில் இருக்கும்போது போக வேண்டியவை. வேயும் முட்டையும் அடுப்பை விட்டு இறக்கியபின் போக வேண்டியவை. இந்த ஒழுங்கு எனக்குத் தெரிய ஒரு சட்டி பாலும் நான்கு கரண்டி மாவும் செலவாயின.

2017ஆம் ஆண்டு. இலங்கையில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அவர்களில் ஒருவன் என் மகன். அப்போது அவனுக்கு 14 வயது, நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் இருந்தோம், இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். காலையிலும் மாலையிலும் இரத்தம் எடுத்துப் பிளேட்லட் பார்ப்பார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, அவனுக்கு 31,000 வரை இறங்கியது.

அந்த ஆறு நாளும் அவன் கேட்டது ஒரே ஒரு பொருள்தான். "அம்மா, சொக்லேட் போட்ட பால் தாங்கோ." கொடுக்கக் கூடாது. டெங்குக் காய்ச்சல்காரருக்குச் சிவப்பு, மண்ணிறப் பானங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள். பிள்ளை வாந்தி எடுத்தால் அது உள்ளே கசிந்த இரத்தமா, குடித்த மைலோவா என்று பார்த்தறிய முடியாது. பீற்றூட்டும் கூடாது, கோலாவும் கூடாது. ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலும் செவ்விளநீரும் கஞ்சித் தண்ணீரும்தான். பக்கத்துக் கட்டில் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் ஒரு சொக்லேட் பால் பக்கெற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, என் பிள்ளை அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போன அன்றே செய்து தருகிறேன் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது 47 கிலோ பிள்ளை 42 கிலோ. மீன் வாடையே பிடிக்கவில்லை, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். பால், முட்டை, பருப்பு நன்றாகக் கொடுக்கச் சொல்லி விட்டிருந்தார்கள். கனடாவில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில், "அக்கா, புரோட்டீன் பவுடர் வாங்கிக் குடுங்கோ, நான் காசு போடுறன்" என்றான். காலி வீதியில் ஒரு பார்மசியில் போய் வாங்கினேன். அந்த விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு மாதத்துப் பால்மா வரும். அன்று பின்னேரமே பாலைப் பொங்கக் காய்ச்சி, கொக்கோ போட்டு, இரண்டு பேருக்கென்று நான்கு கரண்டி மாவை மேலே கொட்டிக் கலக்கினேன். உங்களுக்கு நடந்ததுதான் நடந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நானும் நினைத்தேன். முழுவதையும் சிங்கில் ஊற்றினேன். திரைந்தாலும் அதன் சத்துப் போவதில்லை, குடிக்கத்தான் கரடாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வடித்துப் பிளெண்டரில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் போதும். அதை நினைத்தால் இப்போதும் மனம் பதைக்கும்.

என் அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கொதிக்கக் கொதிக்கப் போட்டா முட்டையும் உப்பிடித்தானே பிள்ளை திரையும். முட்டைக்கோப்பி எப்பிடி அடிக்கிறனான் எண்டு மறந்துபோச்சே?"

யாழ்ப்பாணத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு முட்டைக்கோப்பியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேணியில் முட்டையை உடைத்து, சீனி போட்டு, மஞ்சள் வெளிறி நுரை பொங்கும்வரை அடிப்பார்கள். பிறகு சுடு கோப்பியை நூல்போல ஊற்றிக்கொண்டே அடிப்பார்கள். காய்ச்சலில் இருந்து எழும்பியவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான் உரம். பெரியவர்களுக்கென்றால் ஒரு கரண்டி பிராண்டியும் விழும். மகன் பிறந்தபோது அம்மா எனக்கு அதை நாள் தவறாமல் அடித்துத் தந்தார். புரதப் பானம் என்ற பெயர்தான் எங்களிடம் இருக்கவில்லை. கோப்பி இருந்த இடத்தில் கொக்கோவை வைத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது.

ஒரு கோப்பைக்கு இப்படி. ஒரு மேசைக்கரண்டி நிறையக் கொக்கோ, இரண்டு விரலால் கிள்ளிய உப்பு, மூன்று மேசைக்கரண்டி இளஞ்சூட்டுப் பால். முதலில் இவற்றை மட்டும் சேர்த்துக் களிபோலக் குழையுங்கள். கொக்கோவில் கொழுப்பு உண்டு, நேரே பாலில் போட்டால் நனையாமல் மிதக்கும். கொக்கோ என்றால் சீனி சேராத கேக் கொக்கோ. புறக்கோட்டையில் கேக் சாமான் விற்கும் கடைகளில் நிறுத்தே தருவார்கள். டிரிங்கிங் சொக்லேட் என்று எழுதிய டின்னை எடுக்க வேண்டாம், அதில் பெரும்பகுதி சீனி. பிறகு 200 மில்லிலீற்றர் பாலில் மூன்று மேசைக்கரண்டி பால்மாவைக் கரைத்து, ஒரு விரல் நீளக் கறுவாப் பட்டை போட்டு, கொக்கோக் களியையும் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதி வந்தபின் சிறு தீயில் இரண்டு நிமிடம் விட்டால் கொக்கோவின் பச்சை வாசம் போய்ச் சற்றுத் தடிக்கும்.

இனி முட்டை. வேறு கிண்ணத்தில் ஒரு முட்டையும் இரண்டு தேக்கரண்டி சீனியும் வெளிறும்வரை அடியுங்கள். பால் அடுப்பை விட்டு இறங்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறட்டும். ஒவ்வொரு அகப்பையாக முட்டைக்குள் ஊற்றி, ஊற்றும்போதே அடியுங்கள். பாதிப் பால் போனதும் எல்லாவற்றையும் திரும்பச் சட்டியில் ஊற்றி, மிகச் சிறிய தீயில், கரண்டியின் முதுகில் ஒரு படலம் ஒட்டும்வரை கலக்குங்கள். குமிழி வரக் கூடாது. வடித்துக் குடிக்கலாம்.

கணக்கையும் சொல்கிறேன், நான் கணக்கு வேலை செய்கிறவள், இதைப் போட்டுப் பார்க்காமல் விடவில்லை. பாலில் ஆறரைக் கிராம் புரதம், 25 கிராம் பால்மாவில் இன்னுமொரு ஆறரை, முட்டையில் ஆறு, கொக்கோவில் ஒன்று. மொத்தம் 20 கிராம். கொழுப்பு நீக்கிய பால்மா என்றால் இன்னும் இரண்டு கிராம் கூடும். என் தம்பி காசு போட்ட டின்னில் ஒரு அளவுக்கரண்டிக்கு 24 கிராம் என்று எழுதியிருந்தது. வளரும் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் என்று தாராளமாக வைத்தாலும் 42 கிலோப் பிள்ளையின் ஒரு நாள் தேவையில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒரு கோப்பையில் வந்துவிடும்.

முட்டை வாடை அடிக்காதா என்று எழுதுவீர்கள். கறுவாவும் கொக்கோவும் இருக்கும்போது அடிக்காது, என் மகன் மூன்றாம் நாள்தான் முட்டை இருக்கிறதென்றே கண்டுபிடித்தான். பச்சை முட்டை ஆபத்து என்பீர்கள், அதற்காகத்தான் இரண்டாம் முறை அடுப்பில் வைக்கச் சொன்னேன், அந்தப் படியைத் தவற விடாதீர்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் தங்கள் டொக்டரைக் கேட்காமல் இதை மட்டுமல்ல, எந்தப் புரத மாவையும் தொடக் கூடாது. நான் டொக்டர் இல்லை. டெங்குக் காய்ச்சல் இருக்கும்போதே இதைக் கொடுத்தேன் என்று யாரும் படித்துக்கொள்ளவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபின்தான் கொடுத்தேன்.

டெங்கு என்று எழுதியதும் இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்தில் பாதியில் நின்ற கட்டடம் ஒன்று இருந்தது. லிப்ட்டுக்கு வெட்டிய குழியில் மாதக் கணக்காக மழைத் தண்ணீர் நின்றது. தெளிந்த தண்ணீர், அந்த நுளம்புக்கு அதுதான் வேண்டும். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். சொல்ல வேண்டிய இடங்களுக்கெல்லாம் சொன்னோம், எழுதியும் கொடுத்தோம். பரிசோதிக்க வந்தவர்கள் எங்கள் படியேறி வந்து, என் பல்கனியில் மணிபிளாண்ட் சாடிக்குக் கீழே இருந்த தட்டைப் பார்த்துவிட்டு, அதில் தண்ணீர் நின்றால் வழக்குப் போடுவோம் என்று எச்சரித்துப் போனார்கள். தட்டில் தண்ணீர் நிற்க விட்டது என் பிழைதான், அன்றே எடுத்தெறிந்தேன். அந்தக் குழியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என் மகன் வார்டில் கிடந்தபோதும் அதில் தண்ணீர் நின்றது. எங்கள் தொடர்மாடியில் மட்டும் அந்த வருடம் நான்கு பிள்ளைகள். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் பால்மா கடைகளில் இல்லாமல் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். மார்ச்சில் 400 கிராம் பக்கெற் 790 ரூபாய்க்கு ஏறியது, அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அப்போது மகனுக்கு 19 வயது, பந்து விளையாடிவிட்டு வந்து இதைத்தான் கேட்பான். பால்மாவை விட்டுவிட்டு வறுத்த கச்சான் (நிலக்கடலை) ஒரு கைப்பிடி, ஏறக்குறைய 30 கிராம், தோல் நீக்கி மைபோல அரைத்துச் சேர்த்தேன். அதில் ஏழு கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. கச்சானும் கொக்கோவும் ஒன்றோடொன்று நன்றாகச் சேரும், எனக்கென்றால் பால்மா போட்டதைவிட இதுதான் விருப்பம். வெள்ளிக்கிழமை முட்டை சேர்க்காத வீட்டில் முட்டைக்குப் பதிலும் இந்தக் கச்சானைப் போடலாம். சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி போட ஆசைப்பட்டால் அதையும் இறக்கிச் சற்று ஆறியபின் போடுங்கள். கருப்பட்டி கொதிக்கும் பாலைத் திரைக்கச் செய்துவிடும்.

நீங்கள் வாங்கிய டின்னை எறிய வேண்டாம். கொக்கோவும் பால்மாவும் மேலே சொன்னபடி காய்ச்சுங்கள், முட்டையை விடுங்கள். ஒரு அளவுக்கரண்டி மாவை கால் கோப்பை குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். காய்ச்சியதை இறக்கி, உதட்டில் வைத்து ஒரு மிடறு நிம்மதியாகக் குடிக்கக்கூடிய சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், ஐந்தாறு நிமிடம் ஆகும். பிறகு கரைத்ததை மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். மீண்டும் சூடாக்க வேண்டாம், மைக்ரோவேவிலும் வேண்டாம். பெரும்பாலான டின்களில் முன்னமே இனிப்பு இருக்கும், அதனால் சீனியைக் குடித்துப் பார்த்தபின் போடுங்கள்.