மனித மேம்பாடும் குடும்பவியலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகள் மனையியலில் இளநிலைப் பட்டம் பெற்று, பிறகு மனித மேம்பாட்டில் முதுநிலை படிக்க விரும்புகிறாள். சமையலும் தையலும் கற்கக் கல்லூரி எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இந்த ஐயத்துக்குப் பெரும்பாலும் பெயரே காரணம். உணவு ஊட்டம், ஆடையியல், வள மேலாண்மை, அறிவை மக்களிடம் கொண்டுசெல்லும் விரிவாக்கக் கல்வி, மனித மேம்பாடு எனப் பல துறைகளைச் சேர்த்துச் சுட்டும் பொதுப்பெயரே மனையியல். தில்லியில் 1932இல் தொடங்கப்பட்ட லேடி இர்வின் கல்லூரியும், கோவையில் 1957இல் தொடங்கப்பட்ட அவினாசிலிங்கம் கல்லூரியும் இந்தப் பெயரில்தான் வளர்ந்தன. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் மனையியல் புலத்தின் பெயரையே குடும்ப, சமூக அறிவியல் புலம் என்று மாற்றிவிட்டார்கள். இளநிலையில் சமையற்கூடமும் இருக்கும் என்பதை வீட்டாரிடம் மறைக்க வேண்டாம். அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் முதுநிலைக்கு வரும்போது, கருவிலிருந்து முதுமை வரை மனிதர் உடலாலும் அறிவாலும் உணர்வாலும் எப்படி மாறுகிறார்கள், அந்த மாற்றத்தில் குடும்பமும் வருமானமும் சாதியும் ஊரும் என்ன பங்கு வகிக்கின்றன, போக்சோ போன்ற குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள் என்ன சொல்கின்றன என்பவையே அவளுடைய பாடங்களாக இருக்கும்.

இதைப் படித்தால் மருத்துவ உளவியலாளர் ஆகலாமா?

இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆக முடியாது. அந்தப் பெயரில் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு தேவை. அதற்கான பயிற்சிப் படிப்புகள் பெரும்பாலும் உளவியல் பட்டத்தையே கேட்கின்றன. அதுதான் குறிக்கோள் என்றால் இப்போதே உளவியலில் சேருங்கள்.

முதலாமாண்டு மாணவி நான். பாலர் பள்ளியில் ஒரு குழந்தையை அரைமணி நேரம் கவனித்து எழுதிய என் அறிக்கையை ஆசிரியர் இரண்டு முறை திருப்பிவிட்டார். எங்கே தவறினேன்?

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் “குழந்தை பிடிவாதம் பிடித்தாள்”, “பொறாமைப்பட்டாள்” என்ற தொடர்கள் இருக்கின்றன. இவை தீர்ப்புகள், நீங்கள் கண்டவை அல்ல. அவள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாளா, எறிந்தாளா? அதற்கு முன்பு யார் அருகில் வந்தார்கள்? அழுவதற்குமுன் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாளா? இவற்றை நேரத்தோடு குறித்துவிட்டு, உங்கள் விளக்கத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். பசித்த குழந்தையும் காது வலிக்கும் குழந்தையும் பிடிவாதக் குழந்தையைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், பதிவையும் விளக்கத்தையும் கலந்துவிட்டால் பிறகு எவராலும் உங்கள் முடிவைச் சரிபார்க்க இயலாது. பரோடாவில் இத்துறை தன் மாணவர்களுக்காகவே ‘சேதன் பால்வாடி’ என்ற பாலர் பள்ளியை நடத்துவதற்கு இத்தகைய பயிற்சியே காரணம். நான் மாணவியாக இருந்தபோது என் முதல் அறிக்கை மூன்று முறை திரும்பி வந்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகளை வகுத்தவர்களாகப் பாடத்தில் வரும் பியாஜே, எரிக்சன், பௌல்பி எல்லோரும் மேலைநாட்டவர்கள். பாட்டி மடியில் வளர்ந்த நமக்கு அவர்கள் கோட்பாடுகள் பொருந்துமா?

வகுப்பில் நான் மிகவும் எதிர்பார்க்கும் கேள்வி இது. கோட்பாட்டை அப்படியே ஏற்பதைப் போலவே, மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதும் சோம்பல்தான். தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பற்றுறவை ஆராய்ந்த மேரி எய்ன்ஸ்வர்த், அமெரிக்காவின் பால்டிமோருக்குச் செல்லும் முன்பே, 1950களில் உகாண்டாவின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைக் கவனித்தவர். பரோடாவில் நெடுங்காலம் கற்பித்த டி. எஸ். சரஸ்வதியோ, வளரிளம் பருவம் என்று பாடநூல் வகுக்கும் தனிக் கட்டம் இந்தியாவில் எல்லோருக்கும் வாய்க்கிறதா என்று கேட்டார். பதினான்கு வயதில் தம்பி தங்கையை வளர்த்துக்கொண்டு வயல்வேலைக்கும் போகும் பெண்ணுக்கு அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது? ஆகவே பற்றுறவுக் கோட்பாட்டைப் படியுங்கள். படித்துவிட்டு, தாய், பாட்டி, சித்தி என மூவர் மாறிமாறித் தூக்கும் குழந்தை பயந்தால் யாரிடம் ஓடுகிறது என்று உங்கள் தெருவிலேயே பாருங்கள். நல்ல முதுநிலை ஆய்வேடு ஒன்றுக்கு அந்தக் கேள்வியே போதும்.

ஆண்கள் சேரலாமா?

சேரலாம். ஆனால் நான் மேலே சொன்ன தில்லி, கோவை நிறுவனங்கள் பெண்களுக்கானவை. பரோடாவில் இருபாலரும் படிக்கிறார்கள்.

வேலை கிடைக்குமா?

பொறியியலைப் போல வளாகத்துக்கே வந்து ஆளெடுக்கும் துறை இதுவல்ல. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுகள், பாலர் பள்ளிகள், சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை இவர்கள் வேலைக்குச் செல்லும் இடங்கள். தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. திட்டநிதி முடிந்தால் வேலையும் முடியக்கூடும். கல்லூரியில் கற்பிக்க விரும்புவோர் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வை மனையியல் என்ற பாடத்தின்கீழ்தான் எழுத வேண்டும். அதில் உணவு ஊட்டமும் ஆடையியலும் கேட்கப்படும் என்பதால், இளநிலைக் குறிப்பேடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.